லாக்அவுட்டும் பேக் பட்டனும்: பெங்களூரின் ஒரு நெடுங்காலத் தொல்லை

பெங்களூரில் 1990களின் பிற்பகுதியில் இணையச் செயலிகளை எழுதத் தொடங்கிய தலைமுறைக்கு லாக்அவுட் என்பது ஒரு தனி வேலையாகவே தோன்றவில்லை. உள்ளே நுழையும் திரைக்காகக் கூட்டம் மேல் கூட்டம் நடந்தது. கடவுச்சொல் எத்தனை எழுத்து இருக்க வேண்டும், எத்தனை முறை தவறினால் கணக்கைப் பூட்ட வேண்டும் என்பதெல்லாம் வாடிக்கையாளர் தந்த தேவை ஆவணத்தில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருந்தன. வெளியேறுவதற்கோ பெரும்பாலும் ஒற்றை வரிதான்: லாக்அவுட்டை அழுத்தினால் நுழைவுத் திரை தோன்ற வேண்டும். அந்த வரியைச் சொன்னபடியே நிறைவேற்றிய செயலிகள்தாம் பின்னர் சோதனையாளர்களுக்கும் தணிக்கையாளர்களுக்கும் ஓயாத வேலை கொடுத்தன. ஏனெனில் நுழைவுத் திரை தோன்றிவிட்டதாலேயே பயனர் வெளியேறிவிட்டார் என்று ஆகிவிடாது.

இந்தத் தொல்லை பெங்களூரில் கண்கூடாகத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணைய இணைப்பை வழங்கத் தொடங்கியது. மறு ஆண்டே பிரிகேட் சாலையில் கஃபே காபி டேயின் முதல் கடை, காபியோடு இணையத்தையும் மணிக்கணக்கில் விற்கும் இடமாகத் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஜெயநகர், மல்லேஸ்வரம், சிவாஜிநகர், அல்சூர் என ஊரெங்கும் மாடிப்படிக்குக் கீழும் கடைகளின் பின்னறையிலும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் பகலெல்லாம் அமெரிக்க வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் செயலி எழுதிய இளைஞர்கள், மாலையில் அறைக்குத் திரும்பும் வழியில் அதே பிரவுசிங் சென்டரில் அமர்ந்து தங்கள் ஹாட்மெயிலைத் திறந்தார்கள். அவர்கள் எழுதிய செயலியைப் பயன்படுத்தப்போகிறவர் தமக்கென ஒரு கணினி வைத்திருப்பவர். அவர்களே அமர்ந்த நாற்காலியிலோ முன்பின் அறியாத பலர் அமர்ந்து எழுந்திருந்தார்கள். லாக்அவுட் குறித்து அக்காலத்தில் எடுக்கப்பட்ட பிழையான முடிவுகள் பலவும் கணினி ஒருவருக்கே உரியது என்ற எண்ணத்திலிருந்து பிறந்தவை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தொடக்ககாலச் செயலிகள் பலவற்றில் வெளியேறும் வழியே இல்லை என்பது இன்றைய நிரலாளர்களுக்கு வியப்பளிக்கலாம். உலாவியே ஒரு சிறு பெட்டியைத் திறந்து பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் பழைய முறையில், அவ்விரண்டையும் உலாவி நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோரிக்கையோடும் தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். அதை மறந்துவிடும்படி உலாவிக்குச் சொல்ல அந்த நெறிமுறையில் கட்டளை எதுவும் வகுக்கப்படவில்லை. உலாவியின் எல்லாச் சாளரங்களையும் மூடுவதே ஒரே வழி. ‘பாதுகாப்பிற்காக உலாவியை மூடவும்’ என்று இந்திய இணையதளங்களில் நெடுங்காலம் காணப்பட்ட அறிவிப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது. நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய லூ மான்டுலி 1994இல் உருவாக்கிய குக்கி, அதாவது சர்வர் தந்து உலாவி திருப்பி அனுப்பும் சிறு குறிப்பு, பரவலான பின்னர்தான் நிலைமை மாறியது. பயனர் நுழைந்ததும் சர்வர் தன் நினைவில் அவருக்கென ஒரு செஷனைத் தொடங்கி, அதன் நீண்ட எண்ணை மட்டும் குக்கியில் வைத்து அனுப்பும். அந்த எண்ணைக் காட்டுபவரே அந்தப் பயனர் என்று அது நம்பும். வெளியேறும்போது சர்வர் தன்னிடமுள்ள செஷனை அழித்துவிட்டால், அதன் பின் அந்த எண் யார் கையில் கிடைத்தாலும் பயனில்லை.

ஆனால் எல்லாக் குழுக்களும் அப்படி அழிக்கவில்லை. பலர் உலாவியிலுள்ள குக்கியை மட்டும் நீக்கிவிட்டு நுழைவுத் திரைக்குத் திருப்பி அனுப்பினார்கள். கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட்டில் படிவ நுழைவு முறைக்கென இருந்த வெளியேறும் கட்டளையே உலாவியிலுள்ள அனுமதிச் சீட்டைத்தான் நீக்கியது. அந்தச் சீட்டை யாராவது முன்பே படி எடுத்து வைத்திருந்தால் அதன் காலக்கெடு முடியும்வரை அது செல்லும். குடியிருந்தவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு பூட்டை மாற்றாமல் விடுவதற்கு ஒப்பான இந்த ஏற்பாடு அந்நிறுவனத்தின் ஆவணங்களில் தெளிவாகவே சொல்லப்பட்டிருந்தும், அதைப் படித்துப் பார்த்தவர்கள் குறைவு.

சோதனையாளர்கள் எழுப்பிய முதல் புகார் இதைப் பற்றியதன்று. பேக் பட்டனைப் பற்றியது. லாக்அவுட் செய்தபின் அப்பட்டனை அழுத்தினால் கணக்கு இருப்புப் பக்கம் அப்படியே மீண்டும் வருகிறது என்று பிழைப் பதிவேட்டில் எழுதப்படும். ‘பிரவுசர் அப்படித்தான், இது பக் இல்லை’ என்று நிரலாளர் அதை மூடிவிடுவார். சோதனையாளர் மீண்டும் திறப்பார். ஒரே பதிவு பலமுறை மூடித் திறக்கப்பட்டுக் கடைசியில் மேலாளரின் மேசைக்குப் போவது அக்காலத்தில் வழக்கமான காட்சி. இருவர் சொல்வதிலும் உண்மை இருந்தது. செஷன் சர்வரில் அழிந்துவிட்டிருந்தால் திரையில் தெரிவது பழைய பக்கத்தின் படிதான். அதில் எந்த இணைப்பைச் சொடுக்கினாலும் நுழைவுத் திரையே வரும். அழியவில்லையென்றால் அது வெறும் படியன்று, உயிருள்ள கணக்கு. திரையில் தெரிவதை வைத்து மட்டும் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. பக்கம் தெரிந்தபின் ஒரு இணைப்பைச் சொடுக்கிப் பார்த்தாக வேண்டும். அந்த ஒரு சொடுக்கைப் பதிவேட்டில் குறிப்பிடாத சோதனையாளர்களால் வீணான நாட்கள் பல.

பழைய பக்கம் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் 1999 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 2616 என்னும் நெறிமுறை ஆவணத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. உலாவி ஒரு பக்கத்தையோ படத்தையோ மறுமுறை இறக்காமல் இருக்கத் தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்வது கேஷ். பயனர் கடந்துவந்த பக்கங்களின் வரிசையை வைத்திருப்பது வரலாறு. இரண்டும் வேறுவேறு என்றும், வரலாற்றின் வேலை பயனர் அப்போது பார்த்ததை அப்படியே காட்டுவதுதான், இப்போதைய நிலையைக் காட்டுவதன்று என்றும் அந்த ஆவணம் தெளிவாக எழுதியிருந்தது. கேஷைக் கட்டுப்படுத்த எழுதிய கட்டளைகளைக் கொண்டு வரலாற்றையும் கட்டுப்படுத்த நினைத்ததுதான் அந்தத் தலைமுறையின் பெரும் குழப்பம். அக்கட்டளைகளிலும் ‘நோ-கேஷ்’ என்றால் சேமிக்கக் கூடாது என்றே பெரும்பாலோர் பொருள் கொண்டார்கள். உண்மையில் அது சேமிக்கலாம், ஆனால் மறுமுறை காட்டுமுன் சர்வரைக் கேட்டுவிட்டுக் காட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறது. சேமிக்கவே கூடாது என்று சொல்வது ‘நோ-ஸ்டோர்’.

இந்த வேறுபாட்டை ஆராய நேரமில்லாத குழுக்கள், சர்வரின் விடையோடு செல்லும் மூன்று தலைப்பு வரிகளை ஒன்றாக ஒட்டி வைத்துக்கொண்டன. கேஷ்-கன்ட்ரோலில் தெரிந்த எல்லாச் சொற்களும் ஒரு வரி. பழைய உலாவிகளுக்காகப் பிராக்மா ஒரு வரி. பக்கம் ஏற்கெனவே காலாவதியாகிவிட்டது என்று சொல்லும் எக்ஸ்பயர்ஸ் பூச்சியம் ஒரு வரி. ஒரு திட்டத்திலிருந்து அடுத்த திட்டத்திற்கு, ஒரு நிறுவனத்திலிருந்து அடுத்த நிறுவனத்திற்கு நிரலாளர்கள் வேலை மாறும்போதெல்லாம் அம்மூன்று வரிகளும் கூடவே குடிபெயர்ந்தன. அவை ஒரு உலாவியில் பலித்தன, இன்னொன்றில் பலிக்கவில்லை. பாதுகாப்பான இணைப்பில் ஒருவிதமாகவும் சாதாரண இணைப்பில் வேறுவிதமாகவும் நடந்தன. சோதனைச் சர்வர்கள் பெரும்பாலும் சாதாரண இணைப்பிலேயே ஓடியதால், சோதனையில் கண்ட பிழை வாடிக்கையாளரிடம் வராது. வாடிக்கையாளர் கண்ட பிழையைச் சோதனையில் எவ்வளவு முயன்றும் வரவழைக்க முடியாது. சோதனைச் சூழலுக்கும் சான்றிதழ் வாங்கிப் பாதுகாப்பான இணைப்பைப் பொருத்துவது அப்போது வீண்செலவாகக் கருதப்பட்டது. இந்தத் தொழிலில் மிகுந்த மனித உழைப்பை விழுங்கிய சிக்கனங்களில் அதுவும் ஒன்று.

பேக் பட்டனில் பழைய பக்கம் தெரிவதைவிடப் பல மடங்கு தீங்கான ஓட்டை ஒன்று பிரவுசிங் சென்டர்களில்தான் வெளிப்பட்டது. அக்காலச் செயலிகள் பலவற்றில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நிரப்பி அனுப்பினால், அந்தக் கோரிக்கைக்கு நேர் விடையாகவே கணக்கின் முதற்பக்கத்தைச் சர்வர் தந்துவிடும். பயனர் வேலையை முடித்து முறையாக லாக்அவுட் செய்து, சாளரத்தை மூடாமல் எழுந்துபோகிறார். அடுத்து அமர்பவர் பேக் பட்டனை அழுத்திக்கொண்டே முதற்பக்கம் வரை செல்கிறார். மேற்சொன்ன மூன்று வரிகளின் காரணமாக உலாவி அதைக் காட்டாமல் ‘பக்கம் காலாவதியாகிவிட்டது’ என்று எச்சரிக்கிறது. அவர் ரீஃப்ரெஷ் செய்கிறார். தகவலை மறுபடி அனுப்பவா என்று ஒரு பெட்டி கேட்கிறது. ‘ரீட்ரை’ என்பதைச் சொடுக்குகிறார். முன்னவரின் பெயரும் கடவுச்சொல்லும் உலாவியின் நினைவிலிருந்து மீண்டும் சர்வருக்குப் போகின்றன. கடவுச்சொல் சரியாக இருப்பதால் சர்வர் புத்தம்புதிதாக ஒரு செஷனைத் தொடங்கிக் கணக்கைத் திறந்துவிடுகிறது. கடவுச்சொல்லின் ஓர் எழுத்தைக்கூடப் பார்க்காமல் மூன்று சொடுக்கில் முடிந்துவிடும் இந்த வேலைக்குக் கேஷைத் தடுக்க எழுதிய கட்டளையே வழி அமைத்துக் கொடுத்தது.

தீர்வு சிறியது. கடவுச்சொல்லைச் சரிபார்த்ததும் பக்கத்தை நேரே தராமல், வேறொரு முகவரிக்குப் போகும்படி உலாவியைத் திருப்பி அனுப்பிவிட்டால் வரலாற்றில் அந்தப் புது முகவரி மட்டுமே பதியும். கடவுச்சொல்லைச் சுமந்த கோரிக்கைக்குத் திரும்பிச் செல்ல வழியிருக்காது. 2004 வாக்கில் இதற்கு ‘போஸ்ட்-ரீடைரெக்ட்-கெட்’ என்ற பெயரும் நிலைத்தது. ஆனாலும் பழைய செயலிகளுக்குள் அது போய்ச் சேரப் பல ஆண்டுகள் ஆயின, ஏனெனில் நுழைவுப் பகுதியைத் தொட்டால் முழுச் செயலியையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்று திட்ட மேலாளர்கள் அஞ்சினார்கள்.

அவர்கள் எளிதாகச் சம்மதித்தது ஜாவாஸ்கிரிப்ட் வித்தைகளுக்குத்தான். பக்கம் திறந்ததும் வரலாற்றில் ஒரு படி முன்னே தள்ளிவிடும் ஒற்றை வரி, வலது சொடுக்கை முடக்கும் இன்னொரு வரி, வங்கிக் கணக்கைக் கருவிப்பட்டையே இல்லாத தனிச் சாளரத்தில் திறப்பது, பேக் பட்டனையோ ரீஃப்ரெஷையோ அழுத்தாதீர்கள் என்று சிவப்பில் எச்சரிப்பது ஆகிய இவையெல்லாம் அக்கால இந்திய இணையச் செயலிகளின் முகமாகவே ஆகிவிட்டன. பட்டை மறைந்தாலும் பேக்ஸ்பேஸ் விசை பின்னே கொண்டுபோகும் என்பதும், ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டால் எல்லாத் தடைகளும் உதிரும் என்பதும் தெரிந்தே செய்யப்பட்ட ஏற்பாடுகள் அவை. பயனரின் கையிலிருக்கும் உலாவி அவருடையது என்பதை ஒப்புக்கொள்ள மறுத்த வடிவமைப்பு என்றே இவற்றைச் சொல்ல வேண்டும். பணம் கட்டும் பக்கத்தில் ரீஃப்ரெஷ் செய்தால் இருமுறை கழிந்துவிடும் என்ற அச்சத்தைப் பயனரின் தலையில் ஏற்றியதற்குப் பதிலாக, ஒரே பரிவர்த்தனை எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் மறுத்துவிடும்படி எழுதியிருக்கலாம். அப்படி எழுதியவர்களும் இதே ஊரில் இருந்தார்கள்.

கேஷை முற்றிலும் தடுப்பதற்கும் விலை உண்டு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் எட்டாம் பதிப்பு வரை, பாதுகாப்பான இணைப்பில் வரும் கோப்புடன் ‘நோ-கேஷ்’ கட்டளையும் சேர்ந்து வந்தால் அந்தக் கோப்பைத் திறக்கவே முடியாமல் போகும். கோப்பைச் சேமித்து அதன்பின் வேறொரு மென்பொருளிடம் கொடுக்க வேண்டிய உலாவி, அக்கட்டளையைச் சேமிக்கவே கூடாது என்பதாக எடுத்துக்கொண்டு கோப்பைத் தொலைத்துவிடும். இக்கட்டுரையாளர் பணியாற்றிய ஒரு வங்கிச் செயலியில், தணிக்கையாளர் சொற்படி எல்லாப் பக்கங்களுக்கும் மூன்று வரிகளைச் சேர்த்த மறுவாரமே கணக்கு விவரத்தைப் பிடிஎஃப்பாக இறக்க முடியவில்லை என்ற புகார்கள் குவிந்தன. தளம் கிடைக்கவில்லை என்று உலாவி காட்டிய செய்தியை நம்பி வலையமைப்புக் குழு சர்வர்களையும் இணைப்புகளையும் துருவிக்கொண்டிருந்தது. கடைசியில் பிடிஎஃப்பைத் தரும் முகவரிக்கு மட்டும் அக்கட்டளைகள் தளர்த்தப்பட்டன. அதன் விளைவாக இருப்புத் தொகை காட்டும் பக்கம் கணினியில் தங்காது. மாதம் முழுவதற்குமான வரவுசெலவு அடங்கிய பிடிஎஃப்போ தற்காலிகக் கோப்புறையில் நிம்மதியாகத் தங்கியிருக்கும். தணிக்கை அறிக்கையில் அந்தக் குறை ‘தீர்ந்தது’ என்று பதிவானது.

கேஷ் என்பது பயனரின் கணினியில் மட்டும் இருப்பதுமன்று. வெளிநாட்டு இணைப்பு குறுகியதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலத்தில், ஒரே பக்கத்தைப் பலருக்காகப் பலமுறை இறக்குவதைத் தவிர்க்க இணைப்பு வழங்குவோரும் அலுவலகங்களும் இடையில் ஒரு பொதுக் கேஷை நிறுத்துவது வழக்கம். ஸ்க்விட் என்னும் இலவச மென்பொருள் அதற்குப் பெயர்பெற்றது. பக்கம் ஒருவருக்கே உரியது என்று ‘பிரைவேட்’ என்ற சொல்லால் குறிக்கத் தவறிய செயலிகளில், ஒருவருடைய பக்கம் அடுத்தவருக்குப் போய்ச் சேரும் விபரீதம் நிகழக்கூடும். குக்கியை வைக்கும் விடையே அப்படிச் சேமிக்கப்பட்டுவிட்டால் அடுத்தவர் தாம் அறியாமலே முன்னவராகிவிடுவார். இது பழங்கதையுமன்று. 2015 கிறிஸ்துமஸ் நாளில் ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்தில், தாக்குதலைச் சமாளிக்க அவசரமாக மாற்றப்பட்ட கேஷ் விதிகள் பிழையாக அமைந்ததால், ஏறத்தாழ 34,000 பேருடைய விவரங்கள் அடங்கிய பக்கங்கள் பிறர் திரையில் தோன்றியிருக்கக்கூடும் என்று வால்வ் நிறுவனமே அறிவித்தது. 2017இல் ஓமர் கில் என்னும் ஆய்வாளர், தனிப்பட்ட பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு படக்கோப்பின் பெயரை ஒட்டிவிட்டால் இடைநிலைக் கேஷ் அதைப் பொதுப்படமென்று எண்ணிச் சேமித்துக்கொள்ளும் என்று காட்டினார். அதற்குப் பின் பெங்களூரின் பாதுகாப்புச் சோதனைக் குழுக்கள் இதையும் பார்க்கத் தொடங்கின.

2005 மே மாதம் கூகுள் வெளியிட்ட வெப் ஆக்சிலரேட்டர் இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. பக்கத்திலுள்ள இணைப்புகளையெல்லாம் பயனர் சொடுக்குமுன்பே இறக்கி வைத்து வேகம் காட்டிய அந்த மென்பொருள், நீக்கு என்ற இணைப்பையும் லாக்அவுட் என்ற இணைப்பையும் வேறுபாடின்றித் தானே சொடுக்கியது. நிலையை மாற்றும் எந்த வேலையையும் வெறும் இணைப்பாக வைக்கக் கூடாது, படிவமாக அனுப்ப வேண்டும் என்று நெறிமுறை நெடுநாளாகச் சொல்லிவந்ததைப் பலர் அப்போதுதான் செவிமடுத்தார்கள். லாக்அவுட் மட்டும் இன்றும் பல செயலிகளில் இணைப்பாகவே இருந்துவருகிறது.

பிரவுசிங் சென்டரைச் சட்டம் வேறு கோணத்தில் பார்த்தது. கர்நாடக அரசு 2004இலேயே அவற்றுக்கு விதிகள் வகுத்தது. மத்திய அரசு 2011 ஏப்ரலில் வெளியிட்ட விதிகள், வருபவரின் அடையாளச் சான்றைப் பதிவேட்டில் எழுதவும், தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயராதிருக்கவும், கணினிகளில் பார்க்கப்பட்ட தளங்களின் வரலாற்றை ஓராண்டேனும் காத்துவைக்கவும் கட்டளையிட்டன. பயங்கரவாதமும் மோசடியும் குறித்த கவலையில் எழுந்த விதிகள் அவை. ஆனால் குக்கியை ஏற்காத உலாவிகளுக்காகச் செஷன் எண்ணை முகவரியிலேயே ஒட்டி அனுப்பிய ஜாவா செயலிகள் அப்போதும் ஏராளமாக ஓடிக்கொண்டிருந்தன. முகவரி வரலாற்றைக் காத்துவைத்த கடைக்காரர் பல கணக்குகளின் செஷன் எண்களையும் தம்மை அறியாமல் காத்துவைத்தார். செஷனைச் சர்வரில் அழித்த செயலிகளுக்கு அதனால் தீங்கில்லை. மற்றவற்றுக்குக் காலக்கெடுதான் காவல், அதுவும் ஜாவா செயலிகளை ஓட்டும் டாம்கேட் சர்வரில் யாரும் மாற்றாவிட்டால் 30 நிமிடம்.

இந்திய ரிசர்வ் வங்கி 2001 ஜூனில் இணைய வங்கிச் சேவைக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டதிலிருந்தும், 2004இல் கணினிப் பாதுகாப்புக்கான சர்ட்-இன் அமைப்பு நிறுவப்பட்டதிலிருந்தும் பாதுகாப்புத் தணிக்கை பெங்களூரில் ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. இணையச் செயலிகளின் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் சோதனைக் கையேட்டில் உலாவிக் கேஷ் குறைபாட்டுக்கு ஒரு பகுதியும் லாக்அவுட்டுக்கு ஒரு பகுதியும் இருப்பதால், எந்த அறிக்கையை எடுத்தாலும் இவ்விரண்டும் இடம்பெறும். முன்னதைக் கண்டுபிடிக்கத் தலைப்பு வரிகளைப் பார்த்தால் போதும், கருவியே பட்டியலிட்டுவிடும். பின்னதற்கு மனிதர் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்: வெளியேறுமுன் செஷன் குக்கியின் மதிப்பைப் படி எடுத்து, லாக்அவுட் செய்து, பர்ப் போன்ற கருவியிலிருந்து அதே குக்கியோடு பழைய கோரிக்கையை மீண்டும் அனுப்பி, கணக்கு விவரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எளிதில் கிடைக்கும் முதற்குறை அறிக்கைகளை நிரப்பியதும், உண்மையில் கேடான இரண்டாவது குறை பலமுறை கண்ணில் படாமலே போனதும் இத்துறையினர் ஒப்புக்கொள்ளும் செய்தி.

உலாவிகளோ நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2005 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 1.5, விட்டுச்சென்ற பக்கத்தை அதன் நிரலோட்டத்தோடு அப்படியே நினைவில் உறையவைத்து, பேக் பட்டனை அழுத்தியதும் கணப்பொழுதில் உயிர்ப்பிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. பக்கம் திறக்கும்போது ஓட வேண்டிய நிரல் மறுபடி ஓடாததால், முன்னே தள்ளிவிடும் பழைய வித்தை அங்கே பலிக்கவில்லை. உடனே அதற்கும் மாற்று வந்தது: பக்கத்தை மூடும்போது ஓடுவதாகச் சொல்லி ஒரு வெற்று நிரலைச் சேர்த்துவிட்டால் ஃபயர்ஃபாக்ஸ் அப்பக்கத்தை உறையவைக்காது. எதற்காக என்று தெரியாமலே அந்த வெற்று நிரல் பத்தாண்டுகளுக்கு மேல் செயலிக்குச் செயலி ஒட்டப்பட்டு வந்தது. குரோம் இதே வசதியை 2021இல் மேசைக்கணினிகளுக்கும் கொண்டுவந்தபோது, பழைய வரிகளை நீக்கினால்தான் பக்கம் வேகமாகும் என்று அதே நிறுவனங்களின் செயல்திறன் குழுக்கள் கேட்டன. ‘நோ-ஸ்டோர்’ இட்ட பக்கம் உறையவைக்கப்படாது என்பது நெடுநாள் வழக்கு. அண்மை ஆண்டுகளில் குரோம் அதையும் தளர்த்தி, குக்கி மாறினால் உறைந்த பக்கத்தைத் தூக்கி எறிவது போன்ற நிபந்தனைகளோடு அனுமதிக்கத் தொடங்கியிருக்கிறது. அதன்படி, குக்கியைத் தொடாமல் சர்வரில் மட்டும் செஷனை அழிக்கும் செயலியில் பழைய பக்கம் திரையில் மீண்டும் தோன்ற இடமுண்டு. சர்வரை மறந்து குக்கியை மட்டும் நீக்கிய தலைமுறைக்கு நேர் எதிரான பிழை இது.

உலாவியை மூடினால் போதும் என்ற பழைய அறிவுரையும் இதற்கிடையில் செல்லாததாகிவிட்டது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியை இயக்கிவைத்தால், உலாவியோடு அழிய வேண்டிய குக்கிகளும் மறுநாள் உலாவியோடு எழுந்துவருகின்றன. 2015இல் ஆர்எஃப்சி 7519ஆக நிலைபெற்ற ஜேடபிள்யூடி முறையில், சர்வர் எதையும் நினைவில் வைக்காமல் கையெழுத்திட்ட சீட்டை உலாவியிடம் கொடுத்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான சர்வர்களில் ஓடும் செயலிக்கு அது வசதிதான். ஆனால் அழிப்பதற்குச் சர்வரிடம் ஒன்றுமே இல்லாததால் லாக்அவுட் மீண்டும் குக்கியை மட்டும் நீக்கிய காலத்துக்குத் திரும்பிவிடுகிறது. கோரமங்களாவிலும் எச்எஸ்ஆர் லேஅவுட்டிலும் புதிதாகத் தொடங்கிய நிறுவனங்கள் பலவும் அச்சீட்டை உலாவியின் சேமிப்பில் வைத்தே தொழிலைத் தொடங்கின. சீட்டின் ஆயுளைச் சில நிமிடங்களாகக் குறைப்பதும், ரத்தான சீட்டுகளுக்கு ஒரு பட்டியல் வைப்பதும் பின்னால் வந்த திருத்தங்கள். அந்தப் பட்டியல் வைத்த கணமே சர்வர் மறுபடி நினைவு வைத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது என்பதைப் பழைய ஆட்கள் புன்னகையோடு சுட்டிக்காட்டுவதுண்டு. இவற்றுக்கு நடுவே உருப்படியாக வந்த ஏற்பாடுகள் இரண்டு. ஜிமெயில் 2008இல் கொண்டுவந்த, பிற இடங்களில் திறந்திருக்கும் கணக்கை எல்லாம் ஒரே சொடுக்கில் மூடும் வசதி ஒன்று. வெளியேறும்போது குக்கி, கேஷ், சேமிப்பு அனைத்தையும் துடைக்கும்படி சர்வரே உலாவிக்குச் சொல்லும் ‘கிளியர்-சைட்-டேட்டா’ என்ற கட்டளை மற்றொன்று. பின்னதைக் குரோம் 2017இல் ஏற்றது. அது பத்து ஆண்டுகள் முன்னதாகவே கிடைத்திருந்தால் எத்தனையோ வித்தைகளுக்கு வேலையிருந்திருக்காது.

பிரவுசிங் சென்டர்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. பொதுக் கணினி மறையவில்லை. மெஜஸ்டிக்கிலும் சிவாஜிநகரிலும் அரசு அலுவலகங்களைச் சுற்றிலும் உள்ள ஜெராக்ஸ் கடைகளில் ஆதார், சாதிச் சான்று, தேர்வு அனுமதிச் சீட்டு, ரயில் டிக்கெட் என ஒவ்வொருவரும் தம் கணக்கைத் திறந்து கோப்பை இறக்கி அச்செடுத்துப் போகிறார்கள். எந்தத் தலைப்பு வரியும், எந்த லாக்அவுட்டும் டவுன்லோட்ஸ் கோப்புறையை எட்டுவதில்லை. ஆதார் ஆணையமே 2022இல், பொதுக் கணினியில் இ-ஆதாரை இறக்க வேண்டாம், இறக்கினால் எல்லாப் படிகளையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று மக்களுக்கு அறிவுறுத்த நேர்ந்தது. அந்தப் பிடிஎஃப், பெயரின் முதல் நான்கு எழுத்துகளையும் பிறந்த ஆண்டையும் கடவுச்சொல்லாகக் கொண்டு பூட்டியே வருகிறது. கோப்பு எங்கோ மிஞ்சத்தான் போகிறது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட வடிவமைப்பு என்ற வகையில் மூன்று வரிகளைவிட அது நேர்மையானது. அச்செடுக்க வேண்டுமென்றால் அந்தக் கடவுச்சொல்லைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். இப்போது பலர் கடைக் கணினியில் தம் கணக்கைத் திறப்பதே இல்லை. தம் கைபேசியிலிருந்து கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்குக் கோப்பை அனுப்பிவிடுகிறார்கள். கடைக்காரரின் கணக்கு வாட்ஸ்அப் வெப்பில் நாள் முழுவதும் திறந்திருக்கிறது. கோப்பு அதன் வழியே கணினியில் இறங்குகிறது. அனுப்பியவர் அழுத்துவதற்கு அங்கே லாக்அவுட் பொத்தானே கிடையாது.